தலைக்கு ஓர் எண்

உலகத்தில் அறிவு இதுவரை மூன்று இடங்களில்தான் முழு உருவம் எடுத்திருக்கிறது. ஒன்று கிரேக்க தேசம். இரண்டு காசி. மூன்று, யுத்த காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் மாடி அறை. முதல் இரண்டையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்களின் அடக்கம்தான் அதற்குக் காரணம் என்று கொள்ள வேண்டும்.

அது அரிசிக்கு ரேஷன் வந்த வருஷம். தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் அரிசியை அளந்துகொண்டிருந்தது. அரிசியை மட்டும் அளந்துவிட்டுத் தலையைச் சும்மா விடுவது நியாயமா என்று கல்லூரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். 'மானிட நூல்' என்று ஒரு புதிய பாடம் திறக்கப்பட்டது. முதல் வருஷம் பரீட்சார்த்தம். கமிட்டிக்குத் திருப்தியானால் நிரந்தரம். கிழக்கேகோட்டை அக்ரகாரத் தெருக்களில் அந்தப் பெயர் கொஞ்சம் குழப்பம் உண்டாக்கிற்று. மானிடனுக்கு நூல் எங்கள் பையன்களிடம் உபநயனத்திலிருந்தே இருக்கிறதே, காலேஜில் போய் இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அது தோளில் போடுகிற நூல் அல்ல, படிக்கிற நூல் என்று விளக்கியதும் அவர்களுக்கு அதில் இருந்த அக்கறை போய்விட்டது.

பாடம் நடத்த வந்தவர் புரொபசர் ஞானசிகாமணி. நாகர்கோவில் பக்கத்தவர். சீமையில் சில மாதம் தங்கிவிட்டு, அங்கிருந்து ஒரு சோலாத் தொப்பியும் ஓர் இடுக்கியும் கொண்டுவந்தவர். இடுக்கி என்றால் அடுப்படியில் கிடப்பது அல்ல. நண்டுக் கால்போல வளைந்த இரண்டு எஃகுக் கைகளும் நடுவில் அளவுகோலும் உடைய மகத்தான கருவி. அதன் ஒரு கையைப் புருவங்களுக்கு நடுவிலும் மறு கையைப் பின்னந்தலையின் கடைசிப் புள்ளியிலும் வைத்தால் தலையின் நீளம் கிடைக்கும். காதுகளுக்கு மேலே வைத்தால் அகலம். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 'கபால எண்'. எண் சிறியதானால் தலை நீண்டது என்று அர்த்தம். அதாவது கணிதம், சங்கீதம், சர்க்கார் உத்தியோகம். எண் பெரியதானால் தலை அகன்றது. அதாவது காடு, தேன், கிழங்கு. எண்பதுக்குக் கீழே உள்ளவன் மனிதன். மேலே உள்ளவன் 'ஆய்வுக்குரிய' மனிதன்.

இந்தப் பாடத்தில் ஸ்ரீகண்டன் சேர்ந்தது அறிவுத் தாகத்தால் என்று சொன்னால் அவனே நம்பமாட்டான். கோட்டைக்குள் அவன் வீட்டுக்கு எதிர் வரிசையில் பஞ்சாபகேசன் குடியிருந்தார். சர்க்கார் கச்சேரியில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயரானவர். மேற்படி கமிட்டியின் முக்கிய அங்கத்தினர். அவருடைய மகள் விஜயத்தை ஸ்ரீகண்டன் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். விஜயத்துக்கும் ஆட்சேபம் இல்லை. அவன் தெருவில் போகும்போதெல்லாம் அவள் வீணையில் ஒரே இடத்தில் தப்பு வாசிப்பதிலிருந்து அதை அவன் அறிந்திருந்தான். பஞ்சாபகேசனோ, மானிட நூல் படிக்கிற பையனுக்குத்தான் பெண் என்று சொல்லிவிட்டார். ஆகவே படித்தான்.

முதல் நாள் வகுப்பில் மாணவர்களின் தலைகளையே அளந்தார்கள். முதலில் உட்கார்ந்தவன் நாகேஸ்வரன். அதே தெருப் பையன். தேங்காய் எண்ணெய் மின்னும் பெரிய குடுமி. புரொபசர் மிகுந்த நாசூக்கு உள்ளவர். கோட்டைக்குள் குடும்பத்துக் குடுமியைத் தம் கை தொட்டுவிடக் கூடாது என்பதால், இடுக்கியின் பின்கையை முடிச்சுக்கு வெளியே மரியாதையாக நிறுத்திவிட்டார். எழுபத்தொன்று வந்தது. புரொபசர் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

அடுத்தது ஸ்ரீகண்டன். முந்தின வருஷம் டைபாய்டு வந்து அவனுக்குத் தலை மழித்தார்கள். ஜுரம் போன பிறகும், டாக்டர் சொன்னார் என்று சொல்லி, வளர்ந்த முடியைக் கிராப்பாகவே வைத்துக்கொண்டிருந்தான். இடுக்கி அவன் மண்டையை எவ்வித மரியாதையும் இல்லாமல் கெட்டியாகப் பிடித்தது. எண்பத்தாறு.

புரொபசர் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்டர் ஸ்ரீகண்டன், உங்கள் முன்னோர் எந்தப் பக்கம்?"

"தஞ்சாவூர், சார்."

"தஞ்சாவூரில் மலை உண்டா?"

"இல்லை, சார்."

"அதுதான் எனக்கும் புரியவில்லை."

மூன்றாவதாக ராஜபாய் வந்து உட்கார்ந்தாள். நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள். வகுப்பில் இருந்த ஒரே பெண். அவளுடைய கொண்டை, புரொபசரின் தொப்பியைவிடச் சற்றுப் பெரியது. அதையும் அவர் தொடாமல் சுற்றிவந்து அளந்தார். அறுபது வந்தது. சீமையில்கூட இப்படி ஒரு தலை கிடையாது. இந்த எண்ணின்படி, மானிட ஜாதி இதுவரை அடைந்த நாகரிகத்தின் உச்சி, மூன்றாவது பெஞ்சில் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. புரொபசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெண்களின் தலைகள் பாடத்திட்டத்தில் சேரா என்று அறிவித்தார்.

"அப்பம் நான் எதுக்காக்கும் ஃபீஸ் கெட்டினது?" என்றாள் ராஜபாய்.

"குறிப்பெடுக்க" என்றார் புரொபசர்.

ஒரு மாதத்துக்குள் கபால எண் கோட்டைக்குள் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜாதகம் எழுதும் தாளில் கோத்திரம், நட்சத்திரத்துக்குக் கீழே 'கபாலம்' என்று ஒரு வரி சேர்ந்தது. இடுக்கி கிடைக்காதவர்கள் பாக்குவெட்டியால் அளந்தார்கள். பிறந்த குழந்தைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை இரண்டு பக்கமும் பிடித்து நீட்டிவிட்டார்கள். குழந்தைகள் அறிவின் பொருட்டு அழுதன. ஒரு வக்கீல் தம் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல்., எழுபத்துமூன்று என்று போட்டுக்கொண்டார். குறைந்த எண் வாங்கியதற்காக அப்பாக்கள் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்த ஒரே காலம் அதுதான்.

இவ்வளவுக்கும் சிகரம் பஞ்சாபகேசன். பஞ்சாபகேசன் என்றால் ஐந்து ஆறுகளின் ஈசன் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெருவில் உள்ளவர்கள் அவ்வளவு தூரம் போகாமல் கடைசியில் உள்ள கேசத்தோடு நின்றுவிட்டார்கள். காரணம், அவருடைய குடுமி. அவிழ்த்தால் இடுப்புக்கு வரும் என்று கேள்வி. முடிந்து வைத்தால் இரண்டாவது தலை. புரொபசர் நேரில் வந்து, இரண்டு அடி தள்ளி நின்று வணங்கி, அளந்து, அறுபத்தெட்டு என்று கண்டார். மறுநாள் வாசலில் புதுப் பலகை தொங்கிற்று: 'பஞ்சாபகேசன், ரிட்டயர்டு, 68'.

அப்படிப்பட்டவரிடம் எண்பத்தாறுடன் ஒருவன் போய்ப் பெண் கேட்டால் என்ன ஆகும்? அவர் கோபிக்கவில்லை. கச்சேரியில் பழகியவர், எந்த எண்ணையும் முயற்சியால் இறக்கலாம் என்ற நம்பிக்கை உடையவர்.

"ஜுரம்னா நூத்தினாலு வரைக்கும் தாங்கிக்கலாம். தலையிலே எண்பத்தாறு தாங்காது, கேட்டியா" என்றார். "மாசிக்குள்ளே எழுபதுக்குக் கொண்டுவா. இல்லேன்னா நாகேஸ்வரன் இருக்கான். விஜயத்தை நான் எத்தனை நாள்தான் அகலமான இடத்துக்காக நிறுத்திவைக்கறது?"

ஸ்ரீகண்டன் பாடுபட்டான். ராத்திரி வேஷ்டியால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தான். பீரோக் கதவுக்கு நடுவில் மண்டையை வைத்து, தினமும் காலையில் மெதுவாகச் சாத்திப் பார்த்தான். காது சிவந்தது, எண் அசையவில்லை. முடி மட்டும், அவன் கவனிக்காத நேரத்தில், தானாக வளர்ந்துகொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் புரொபசர் மாணவர்களைக் கல்லாற்றுக்கு அழைத்துப்போனார். பாடத்தின் உயிர்நாடி அதுதான். அகன்ற தலைகளை அவை விளையும் இடத்திலேயே காண வேண்டும் என்பது நியதி. பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பஸ் கரிப்புகையில் ஓடிற்று. விதுரா வரைக்கும் பஸ் மாணவர்களைச் சுமந்தது. விதுராவிலிருந்து மாணவர்கள் பஸ்ஸைச் சுமந்தார்கள் என்றே சொல்லலாம். புரொபசர் மட்டும் உள்ளே உட்கார்ந்து, இடுக்கி குலுங்காமல் மடியில் பிடித்துக்கொண்டார்.

கல்லாற்றுக்கு மேலே, காணிக்காரர்கள் என்ற மலைவாசிகளின் குடியில், வந்தவர்களுக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். அவர்களில் பெரியவர் மாத்தன் காணி. எல்லோரையும் போல அவரும் சுருட்டை முடியைப் பின்னால் முடிந்திருந்தார். புரொபசர் அவரைக் கல்லில் உட்காரவைத்து, பழகிய கையால் இடுக்கியை வைத்தார்.

எழுபது.

நாகேஸ்வரன் ஆவலோடு எட்டிப் பார்த்தான். தன்னைவிட ஒன்று குறைவு என்று தெரிந்ததும் அவனுக்குக் கிழங்கு தொண்டையில் நின்றுவிட்டது. புரொபசர் இடுக்கியைத் துடைத்தார். மலைக்காற்றில் எஃகு சுருங்கியிருக்கலாம் என்றார். அடுத்த ஆளை அளந்தார், அறுபத்தொன்பது. தடிப் புத்தகத்தைப் பிரித்து அரை மணி நேரம் படித்தார். பிறகு தெளிந்த முகத்துடன், "முடியை அவிழ்க்கச் சொல்லுங்கள்" என்றார்.

மாத்தன் காணி எல்லோர் முகத்தையும் பார்த்தார். "ஆரு மரிச்சது, சாமீ?" என்று கேட்டார்.

யாரும் சாகவில்லை, இது சாஸ்திரம் என்று விளக்கினார்கள். தங்களுக்குள் சாவு விழுந்தால்தான் முடி அவிழ்ப்பது என்று அவர் தயங்கினார். ஆனாலும் இவ்வளவு தூரம் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் கேட்கிறார்களே என்று அவிழ்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். இடுக்கி இப்போது மண்டையில் பதிந்தது. எண்பத்துமூன்று, எண்பத்தைந்து, எண்பத்துநாலு. சாஸ்திரம் பிழைத்துக்கொண்டது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

ராஜபாய் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தாள். "சார், அப்பம் நாகேஸ்வரனுக்கும் அவுத்துத்தான் அளக்கணும், இல்லியா?"

நாகேஸ்வரன் இரண்டு கையாலும் குடுமியைப் பிடித்துக்கொண்டான். "எங்க அப்பா உசிரோட இருக்கார். குடுமியை அவுக்கப்பிடாது. அது அபரகாரியத்துக்காக்கும்."

"விஞ்ஞானம் மத உணர்ச்சியில் ஒருபோதும் தலையிடாது" என்றார் புரொபசர்.

"இப்பம் இவருக்க தலையில இட்டதோ?" என்று மாத்தன் காணியைக் காட்டினாள்.

அது மத உணர்ச்சி அல்ல, 'வழக்கம்' என்று புரொபசர் அவளுக்கு வேறுபாட்டை எடுத்துரைத்தார். நகரவாசிகளை முடிந்தபடியும் மலைவாசிகளை அவிழ்த்தபடியும் அளப்பது 'இருமுறைத் திட்டம்' என்று அங்கேயே பெயர் சூட்டப்பட்டது.

திரும்பி வரும்போது பஸ் இறக்கத்தில் தானாக ஓடிற்று. அதனால் ஸ்ரீகண்டனுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. தன் எண் மண்டையில் இல்லை, முடிச்சில் இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. ஆனால் முடி இன்னும் விரல் நீளம்தான். மாசிக்குள் அது குடுமி ஆகாது. மனம் பொறுக்காமல் ராஜபாயிடம் சொன்னான். அவள் பஸ் என்றும் பாராமல் சிரித்தாள்.

"மிஸ்டர் ஸ்ரீகண்டன், எனக்க அறுபதிலே பாதி எங்கம்மைக்கச் சவுரிமுடியாக்கும். வேணும்னா இரவல் தாறேன். ஆனா பிச்சிரப்பிடாது, அம்மை ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வச்சிட்டுப் போறது."

மாசியில் பஞ்சாபகேசன் வீட்டில் தலை பார்க்கும் வைபவம் நடந்தது. பெண் பார்ப்பதற்கு உள்ள ஏற்பாடுகள் எல்லாம் இதற்கும் உண்டு. பஜ்ஜி, சொஜ்ஜி, வெற்றிலைத் தட்டு. தட்டின் நடுவில், குங்குமம் வைத்த இடுக்கி. புரொபசர் தொப்பியோடு நடுக்கூடத்தில். ராஜபாய் குறிப்பெடுக்க. நாகேஸ்வரன், ஒருவேளை தேவைப்பட்டால் என்று, பட்டு வேஷ்டியில். விஜயம் அறைக் கதவுக்குப் பின்னால்.

ஸ்ரீகண்டன் வந்தான். பின்னந்தலையில் மின்னும் கருங்குடுமி. தெருவே பெருமூச்சு விட்டது. புரொபசர் மரியாதையான தூரத்தில் இடுக்கியை நிறுத்தினார். அறுபத்தொன்பது.

பஞ்சாபகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனாரைவிட மாப்பிள்ளைக்கு ஒன்று கூடுதலாக இருப்பதுதான் முறை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். புரொபசர் இடுக்கியை எடுத்தார். இடுக்கியோடு குடுமியும் வந்தது.

எஃகுக் கையில் அது வௌவால் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நாகேஸ்வரன்தான் முதலில் தெளிந்தான். "முடி இல்லே இது, மோசடி" என்றான்.

"யாரோட மயிர் இது?" என்றார் பஞ்சாபகேசன்.

"எங்கம்மைக்கதாக்கும்" என்று ராஜபாய் எழுந்து போய் அதைப் பத்திரமாக வாங்கி, தட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

பஞ்சாபகேசன் எழுந்தார். இந்தச் சம்பந்தம் முடிந்தது என்றும், நாகேஸ்வரனுக்குத் தட்டை நகர்த்தலாம் என்றும் சொன்னார். இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த ஸ்ரீகண்டனுக்கு அப்போதுதான் நாக்கு அசைந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்றான் புரொபசரிடம். "முடி கணக்கிலே சேருமா, சேராதா? சேரும்னா எனக்கு அறுபத்தொம்பது. இரவல் முடின்னு சாஸ்திரத்திலே தனியா இல்லே. சேராதுன்னா..."

அவன் கண் பஞ்சாபகேசனின் குடுமிக்குப் போயிற்று. கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் அங்கே போயின. வாசலில் பலகை காற்றில் ஆடிற்று.

கதவுக்குப் பின்னாலிருந்து விஜயத்தின் குரல் வந்தது. "சேராதுன்னா அப்பாவோடதையும் அவுத்துப் பார்த்துடலாமே. எண்ணெய் தேச்சுக்கற நாள்தானே இன்னிக்கு."

பஞ்சாபகேசனின் கை தானாகக் குடுமிக்குப் போயிற்று. "நன்னாயிருக்குடி. தாயாதியிலேகூட ஒரு சாவு இல்லே, கூடத்திலே உக்காந்து நான் அவுக்கணுமா?" என்றார். ஆனால் குரலில் கச்சேரி இல்லை. புரொபசரைப் பார்த்தார். புரொபசர் அவரைப் பார்த்தார். பாடம் நிரந்தரமாவதற்குக் கமிட்டியின் கையெழுத்து இன்னும் பாக்கி.

கமிட்டி அங்கேயே கூடிற்று. ஐந்து நிமிஷம் பூஜை அறையில் ஆலோசித்துவிட்டு வெளியே வந்து முடிவை வாசித்தது. மேற்படி குடுமி மேற்படி தலையில் இருந்தபோது அளக்கப்பட்டமையால் அளவு செல்லும். பின்னால் அது விழுந்தது பின்னால் நடந்த விஷயம். கோட்டைக்குள் எடுக்கப்பட்ட மற்ற அளவுகளை எவரும் மறுபடி கிளறலாகாது. கல்லாற்று அறிக்கை உள்ளது உள்ளபடி நிற்கும்.

"மாப்பிள்ளைக்குச் சம்மதமா?" என்றார் பஞ்சாபகேசன்.

ராஜபாய் சவுரியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீகண்டனையே பார்த்தாள். "அந்தக் கடைசி வரிக்குமா?" என்று கேட்டாள்.

ஸ்ரீகண்டன் கதவைப் பார்த்தான். தலையை ஆட்டினான். பஜ்ஜி மறுபடி நகர்ந்தது. நாகேஸ்வரன் இரண்டு எடுத்துக்கொண்டான்.

பங்குனியில் பரீட்சை வந்தது. கடைசிக் கேள்வி: 'மலைவாசிகளின் தலை அகன்றிருப்பதற்கான காரணங்களை விரிவாக எழுதுக.' ஸ்ரீகண்டன் கூடுதல் தாள் வாங்கினான். மழை, உயரம், தேன், கிழங்கு, தலைச்சுமை, மலையேறும்போது குனிதல், பூர்வ காலத்தில் வெள்ளம் என்று வரிசையாகக் காரணங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு போட்டான். ராஜபாய் ஒரே வரி எழுதிவிட்டு மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்பே வெளியே போய்விட்டாள். அவள் எழுதியது: 'நாங்கள் அவிழ்த்தோம்.'

முடிவுகள் வந்தபோது ஸ்ரீகண்டன் முதல் வகுப்பு. ராஜபாய் பெயர் பட்டியலில் இல்லை. கல்யாணப் பத்திரிகையோடு வந்தவன் அவளைக் கல்லூரி வராந்தாவில் கண்டு, அவளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"ஒரு நாலு காரணம் சேர்த்து எழுதியிருந்தா பாஸ் ஆகியிருக்கலாமே, மிஸ் ராஜபாய்."

"நீரு எழுதின காரணம் ஒண்ணாவது அந்த மாத்தன் காணிக்குத் தெரியுமா, ஓய்?"

"அவனுக்கு எதுக்குத் தெரியணும்? அவனா பரீட்சை எழுதப் போறான்?"

அந்த வழியாக வந்த புரொபசர் ஞானசிகாமணி இதைக் கேட்டு நின்றார். தொப்பியைக் கழற்றினார். பாடம் நிரந்தரமாகிவிட்டதென்றும், ஓர் உதவி ஆசிரியர் வேண்டியிருக்கிறதென்றும், அந்த இடம் ஸ்ரீகண்டனுக்கே என்றும் அங்கேயே அறிவித்தார். இடுக்கி அவர் கையில்தான் இருந்தது. அதை விரிக்கவே இல்லை. அந்தச் சாஸ்திரத்துக்கு எப்படிப்பட்ட தலை வேண்டும் என்று அளக்காமலே தெரிந்தது அந்த ஒரு தடவைதான்.